பூசைக்குப் பதினைந்து வயது

1

போன மாதம் கவுன்சிலிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. என் அண்ணன் அடிவாங்கிய கதையை எட்டு வயதுப் பிள்ளைகள்கூடப் பார்க்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தபோது என் கையில் டீ கப் இருந்தது. அடுத்த நிமிஷம் அது சுவரில் மோதித் தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. நான் பீங்கான் பொம்மை சுடுகிற விருத்தாசலத்துக்காரி, எனக்குக் கோபம் வந்தால் முதலில் உடைவதும் பீங்கான்தான். உடைத்துவிட்டு நானேதான் உட்கார்ந்து பொறுக்கினேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். நாங்கள் குடியிருப்பது இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். கவுன்சில் என்றால் நம்மூர் நகராட்சி மாதிரி. குப்பை எடுப்பது, பள்ளம் மூடுவது, நாய் தொலைந்தால் தேடுவது எல்லாம் அவர்கள். ஆனால் இன்னொரு வேலையும் அவர்களுக்கு உண்டு என்று இருபது வருஷமாக எனக்குத் தெரியாது. பெரிய படங்களுக்கெல்லாம் வாரியம் ஒன்று சான்றிதழ் கொடுத்துவிடும், நம்மூரில் யூ, யூஏ, ஏ என்று கொடுக்கிற மாதிரி. சின்னப் பிள்ளைகளும் ஆர்வக்கோளாறுகளும் எடுக்கிற குறும்படங்கள் அந்த வாரியத்துக்கெல்லாம் போவதில்லை. அதைப் பொது இடத்தில் காட்ட வேண்டுமென்றால் அந்தந்த ஊர்க் கவுன்சில் பார்த்து, எந்த வயதுக்காரர் பார்க்கலாம் என்று முடிவுசெய்ய வேண்டும். குப்பை வண்டிக்கு அட்டவணை போடுகிற அதே கட்டடத்தில், இரண்டு பேர் உட்கார்ந்து படம் பார்த்து, கட்டம் கட்டமாக டிக் அடிப்பார்கள்.

அப்படி அவர்கள் டிக் அடித்தது என் மகள் கயல்விழி எடுத்த ஒன்பது நிமிஷப் படத்துக்கு.

2

கயலுக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தில் அவளைக் 'கைல்' என்கிறார்கள். அது இங்கே ஆம்பிளைப் பெயர். முதல் நாள் போய் நான் சண்டை போட்டேன், அவளே என்னை வெளியே இழுத்து வந்துவிட்டாள். அவள் பேசுகிற தமிழ் வீட்டுக்குள்ளே மட்டும் ஓடுகிற வண்டி. சோறு, குளியல், திட்டு, இந்த மூன்றுக்கும் போதும், அதற்கு மேல் தள்ள வேண்டும்.

போன விடுமுறையில் விருத்தாசலம் போயிருந்தோம். அண்ணன் சேகர் இப்போது வீட்டுப் பின்னாலேயே ஷெட் போட்டு, சூளையிலிருந்து வரும் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுகிறான். வலது கையில் மூன்று விரல் மடங்காது. இடது கையால்தான் கண் எழுதுவான். கயல் மூன்று வாரமும் அந்த ஷெட்டிலேயே கிடந்தாள். போனை வைத்து அவன் கைகளை மட்டும் படம் பிடித்தாள். அவன் முகமே வராது. கை வேலை செய்யும், குரல் மட்டும் பேசும். 'மாமாவின் கைகள்' என்று பெயர் வைத்து, அடியில் ஆங்கிலத்தில் எழுத்து ஓடவிட்டு, எங்கள் ஊர் நூலகத்தில் நடக்கும் இளையோர் குறும்பட நாளுக்கு அனுப்பினாள். தேர்வாகிவிட்டது. வீட்டுக்குள் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. வேலை, வேலை என்று சாக்கு சொன்னேன். ஒரு தொடக்கப்பள்ளிச் சமையலறையில் எனக்கு வேலை, தினமும் இருநூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசிக்க வேண்டும். உண்மையான காரணம் அந்தக் கை. அதை அரை நிமிஷத்துக்கு மேல் என்னால் பார்க்க முடிந்ததில்லை.

மின்னஞ்சலில் 'மிதமான மதச் சடங்குக் குறிப்புகள்' என்று ஒரு வரி இருந்தது. அண்ணன் கோயில் பக்கமே போகாதவன். என்ன சடங்கு என்று பார்க்கத்தான் மடிக்கணினியைத் திறந்தேன். ஐந்தாவது நிமிஷத்தில் அவன் குரல் சொன்னது:

"அன்னிக்கி குடோன்ல வச்சு எனக்குப் பூசை. நாலு பேரு சேந்து பண்ணாங்க. மொதல்ல சாதா பூசை, அப்புறம் மண்டகப்படி. சூளைக்குள்ள அடுக்குற பலகை இருக்குது பாரு, அதுதான் பீடம். எங்கைய எடுத்து அதுல வச்சாங்க. மேல இன்னொரு பலகை. மூணு தரம். அதோட இந்த மூணு வெரலும் சாமிக்குப் போயிடுச்சு."

சொல்லிவிட்டுச் சிரிக்கிறான். அடியில் ஓடுகிறது கயலின் ஆங்கிலம்: மாமாவுக்காக வழிபாடு நடந்தது, நான்கு பேர் நடத்தினார்கள், பிறகு திருவிழாப் படையல், கை பீடத்தில் வைத்து மூன்று முறை ஆசீர்வதிக்கப்பட்டது, விரல்கள் இப்போது கடவுளுக்குச் சொந்தம்.

பாவம் பிள்ளை, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பூசை என்றால் அவளுக்கு வீட்டு அலமாரியில் நான் ஏற்றுகிற விளக்கு. மண்டகப்படி என்றால் சின்ன வயதில் மாசி மகத்துக்குப் பழமலைநாதர் கோயிலில் அவள் கை நீட்டி வாங்கித் தின்ற சுண்டல். அடி பின்னி எடுப்பதற்கும் நம்மூரில் அதே இரண்டு சொல்தான் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நான் சொல்லிக் கொடுக்கவில்லை. மெஷினில் மாட்டிக்கொண்ட கைக்காக ஊரில் ஏதோ பரிகாரம் செய்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மெஷின் என்று அவளிடம் சொல்லியிருந்தவளும் நான்தான்.

3

நானும் அண்ணனும் வேலை பார்த்த பீங்கான் பொம்மை யூனிட்டில் கையைப் பிடித்து இழுக்கிற மெஷினே கிடையாது. களிமண் கரைசலை பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள், இறுகியதும் பொம்மையை எடுப்பார்கள், என்னைப் போன்ற பெண்கள் ஈர ஸ்பாஞ்சால் ஓரம் துடைப்போம். அண்ணன் ஊற்றுகிற இடத்தில் இருந்தான். எனக்குப் பத்தொன்பது, அவனுக்கு இருபத்திரண்டு.

முதலாளியின் மச்சான்தான் சூப்பர்வைசர். காயவைக்கிற அறையில் ஒருநாள் என்னைப் பின்னாலிருந்து பிடித்தான். கடித்தேன், தப்பித்து ஓடி வந்தேன். ஜாக்கெட் தோள் கிழிந்திருந்தது. அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையிலிருந்த அச்சை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவன் முகத்தில் இறக்கினான். காய்ந்த பிளாஸ்டர் அச்சு கல் மாதிரிதான். அவனுக்குப் பல் போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கும் சந்தோஷம்தான், அதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் மத்தியானம் 'வா, பேசி முடிச்சுக்கலாம்' என்று அண்ணனைக் குடோனுக்குக் கூப்பிட்டார்கள். என்னையும் வரச் சொல்லி, கதவுக்கு வெளியே நிற்க வைத்தார்கள். "நீ பாக்க வேணாம், கேட்டா போதும்" என்றான் ஒருவன். கேட்டேன். முதலில் கட்டையால் அடிக்கிற சத்தம், அது எத்தனை என்று எண்ண முடியவில்லை. பிறகு பலகையை இழுக்கிற சத்தம். சூளைப் பலகை மரமில்லை, சுட்ட மண், கனமானது, சிமெண்டுத் தரையில் இழுத்தால் பல் கூசும். பிறகு 'தொம்' என்று ஒன்று. அண்ணன் வாய் திறக்கவில்லை. இரண்டாவதுக்கு அம்மாவைக் கூப்பிட்டான், அம்மா செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மூன்றாவதுக்குச் சத்தமே இல்லை. நான் கதவை உதைத்தேன், முட்டினேன், வாய்க்கு வந்த எல்லா வார்த்தையும் சொல்லித் திட்டினேன். உள்ளே போக மட்டும் முடியவில்லை.

அப்பா வந்தார். அவனை ஆட்டோவில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கு, நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நிற்க, "மெஷின்ல மாட்டிக்கிச்சுங்க" என்றார். வெளியே வந்து என்னிடம், "பொண்ணு இருக்குது வூட்ல. மெஷினுதான். புரியுதா?" என்றார். புரிந்தது. சீட்டில் அப்படியே எழுதினார்கள். அடி என்று வெளியே சொல்வதில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தோம். நாலு மாதத்தில் எனக்குக் கல்யாணம், ஆறாவது மாதம் விமானம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுத்ததில்லை. அப்பா மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் போன் செய்து 'சாப்பிட்டீங்களாப்பா' என்று கேட்கிறேன்.

4

விஷயத்தை அப்படியே விட்டிருக்கலாம். கயல் சந்தோஷமாக இருந்தாள், வகுப்புத் தோழிகள் பதினொரு பேர் வருவதாக இருந்தார்கள். ஆனால் திங்கட்கிழமை எங்கள் பள்ளிச் சமையலறைச் சுவரில் அந்தக் குறும்பட நாளின் அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள். சனிக்கிழமை லீவு நாளென்றாலும் நாலாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போகிறார்களாம். தட்டை நீட்டி நிற்கிற அந்த முகங்களைப் பார்த்தேன். இதுகள் உட்கார்ந்து, என் அண்ணன் விரல் உடைந்ததை ஆசீர்வாதம் என்று படிக்கப் போகின்றன. கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்து கவுன்சிலுக்குப் போன் போட்டேன்.

கரோல் என்று ஒரு அம்மாள் எடுத்தார். பூசை என்பது பூசை இல்லை என்று சொன்னேன்.

"அப்படியானால் அது சடங்கு இல்லையா?"

"இல்லை. பீட்டிங்."

"ஓ, டிரம்ஸா? இசை நிகழ்ச்சியா?"

இருபது வருஷமாக ஆங்கிலம் பேசுகிறேன். அந்த இடத்தில் எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. "மனுஷனை, மனுஷனை அடிக்கிறது" என்று தமிழில் கத்திவிட்டேன். பக்கத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த எங்கள் சமையல்காரர் அதை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கரோல் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நேரில் வரச் சொன்னார். படத்தை அனுப்பியவரும் வர வேண்டும் என்றார். அனுப்பியவர் கயல். சப்டைட்டிலில் ஏதோ தப்பாம் என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

சின்ன அறை. சுவரில் திரை, மேஜையில் ஒரு படிவம். வன்முறை, மிரட்டல், காய விவரம், கெட்ட வார்த்தை என்று கட்டங்கள். கரோல் நல்ல மனுஷி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து மெதுவாகப் பேசினார். அண்ணன் பேசுகிற இடத்தில் படத்தை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் என்னிடம் பொருள் கேட்டார். எத்தனை பேர்? நாலு. எதனால்? கட்டை, பிறகு பலகை. எத்தனை முறை? காயம் என்ன? நான் சொல்லச் சொல்ல எழுதினார். இருபது வருஷத்தில் இந்தக் கேள்விகளை என்னிடம் யாரும் கேட்டதில்லை. புருஷன்கூடக் கேட்டதில்லை, அவரிடமும் மெஷின்தான்.

கயல் என் பக்கம் திரும்பவே இல்லை. திரையில் நின்றுபோயிருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த அடி படத்தில் கண்ணால் பார்க்கப்படுகிறதா, காதால் மட்டும் கேட்கப்படுகிறதா?" என்று கரோல் கேட்டார். "காதால் மட்டும் என்றால் கொஞ்சம் குறைவாகக் கணக்கில் எடுப்போம்."

"காதால் மட்டும்தான்" என்றேன். "நான் வெளியே நின்றிருந்தேன்."

கரோலின் பேனா நின்றது. அவர் கேட்டது படத்தைப் பற்றி. கயல் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கரோல் கடைசியில் விதியைச் சொன்னார். கவுன்சில் முடிவெடுப்பது அவர்களுக்குக் காட்டப்படுகிற படத்தை வைத்து. சப்டைட்டிலை மாற்றாவிட்டால் பழைய முடிவே நிற்கும், எல்லாரும் பார்க்கலாம். மாற்றினால் பதினைந்து வயது. அதற்குக் கீழே யாரையும் உள்ளே விடக்கூடாது. படம் எடுத்தவராக இருந்தாலும்தான்.

கயலுக்குப் பதினைந்து ஆக இன்னும் ஏழு மாதம்.

5

பஸ் ஸ்டாப்பில் கயல் என்னை அடித்தாள். விளையாட்டுக்கு இல்லை. இரண்டு கையையும் முஷ்டி பிடித்து என் தோளிலும் நெஞ்சிலும் குத்தினாள். "நீ பொய் சொன்ன. மாமா கைய நான் தினமும் பாத்தேன். மெஷின்னு சொன்ன. நான் அத உலகத்துக்கே போட்டுக் காட்டப் போறேன், ஆசீர்வாதம்னு. நீ சும்மா இருந்த."

என் கை தானாக ஓங்கியது. எங்கள் வீட்டில் கை ஓங்கினால் விழும், அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். எதிரே ஒரு கிழவி பையை மார்போடு அணைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் பிள்ளையை அடித்தால் வீட்டுக்கு ஆள் வருவார்கள். ஆனால் நான் கையை இறக்கியது அதனால் இல்லை. கயல் நகரவில்லை. கண்ணை மூடாமல், அடி விழட்டும் என்று நின்றாள். அந்த முகத்தில் எனக்குச் சேகர் அண்ணன் தெரிந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையில் வைத்துக்கொண்டேன்.

"அந்த அடியெல்லாம் மாமா எனக்காக வாங்கினதுடி" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பஸ் வந்து போனது. கிழவியும் போய்விட்டாள்.

சொல்லி முடித்தபோது கயல் கேட்டது ஒன்றுதான்: "அப்ப மாமா ஏன் எங்கிட்ட ஜோக்கு மாதிரி சொன்னாங்க?"

அங்கேயே நின்று அண்ணனைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொல்லி, அவள் கேட்டதையும் கேட்டேன்.

"பாப்பாவுக்குப் புரியாதுன்னு தெரியும்மா" என்றான். "உனக்குப் புரியும்னும் தெரியும். அப்பாவுக்கு வாக்கு குடுத்துட்டமே, அடின்னு சொல்லாம வேற எப்படிச் சொல்றது? எத்தினி வருஷந்தான் மெஷினு மெஷினுன்னே சொல்றது, சொல்லு."

அவனுக்கு அழுகை வந்து நான் கேட்டதே இல்லை. போனில் அவன் இருமினான், ரொம்ப நேரம் இருமினான்.

6

அன்று சாயங்காலம் கயல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சப்டைட்டிலை மாற்றினாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பதினொரு தோழிகளும் வர முடியாது, நீயே பார்க்க முடியாது, அடுத்த வருஷம் காட்டலாம் என்றேன்.

"பொய்யான படத்த நான் காட்ட மாட்டேன்" என்றாள். "பூசைக்கு இங்கிலீஷ்ல என்ன போடலாம், சொல்லு."

யோசித்துப் பார்த்தோம். மாமாவின் சிரிப்பு வருகிற மாதிரி ஒரு சொல்லும் ஆங்கிலத்தில் கிடைக்கவில்லை. கடைசியில் 'அவர்கள் என்னை அடித்தார்கள்' என்று மொட்டையாகப் போட்டாள். பீடம், மண்டகப்படி எல்லாம் போனது. 'என் கையைப் பலகையில் வைத்து இன்னொரு பலகையால் மூன்று முறை உடைத்தார்கள்.' முடித்ததும் எழுந்து போய்க் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் தட்டில் வைத்து வாசலில் வைத்தேன், வெறும் தட்டு திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை கவுன்சிலின் புதிய முடிவு வந்தது. மேலே முத்திரை, கீழே கையெழுத்து. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோர் மட்டும். காரணம்: கடுமையான வன்முறை பற்றிய விவரிப்பு, காயத்தின் விவரம். ஆஸ்பத்திரிச் சீட்டில் மெஷின் என்று எழுதிய பிறகு, அண்ணனுக்கு நடந்ததை வன்முறை என்று எழுதிய முதல் காகிதம் இது. அதை எழுதியது இந்த ஊர்க் குப்பை அள்ளுகிற ஆபீஸ்.

போனில் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன்.

"கவர்மெண்டா எழுதியிருக்குது?"

"ஆமாண்ணே. இந்த ஊரு கவர்மெண்டு."

"சீல் இருக்குதா?"

"இருக்குது."

"அதைத் தமிழ்ல எழுதி அனுப்பச் சொல்லும்மா பாப்பாவ."

"எதுக்குண்ணே?"

"அப்பாவுக்குப் படிச்சுக் காட்டணும்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பாவுக்கு வயது எழுபத்தெட்டு, ஏதாவது ஆகிவிட்டால்? ஆனால் அண்ணன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கயலின் அறைக் கதவைத் தட்டிச் சொன்னேன். சொல் சொல்லாகத் தேடி, அரை மணி நேரத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். 'வன்முரை' என்று எழுதியிருந்தாள். நான் திருத்தவில்லை, அப்படியே படம் பிடித்து அனுப்பினேன்.

7

சனிக்கிழமை மூன்று மணிக்குப் படம். நூலக வாசலில் தன்னார்வலர் ஒருவர் எல்லாரிடமும் வயது கேட்டார். கயலிடம் கேட்கவே அவருக்குச் சங்கடமாக இருந்தது, அவளுடைய பெயர் அறிவிப்புப் பலகையிலேயே இருந்தது. "எனக்குப் பதினாலு" என்று அவளே சொல்லிவிட்டு வந்து படியில் உட்கார்ந்தாள். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் வரவில்லை. உள்ளே இருபது, இருபத்தைந்து பேர் இருந்திருப்பார்கள். "நீ போய்ப் பாரும்மா" என்றாள். நான் போகவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தள்ளி உட்காரவில்லை.

கதவு சாத்தியதும் ஒன்றும் கேட்கவில்லை, நல்ல கனமான கதவு. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அண்ணன். கயல் வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"படிச்சிட்டேன்மா" என்றான். "இப்பதான். அவருக்குத்தான் காது மந்தமாச்சே, சத்தமா படிச்சேன். மொத வரியிலேயே அக்கம்பக்கத்துக்காரங்க எல்லாம் வாசலுக்கு வந்துட்டாங்க. நிறுத்தல."

"அப்பா என்ன சொன்னாரு?"

அந்தப் பக்கம் தெருவில் ஒரு ஆட்டோ போவது கேட்டது.

"மறுபடி படின்னாரு" என்றான் அண்ணன்.